வீடியோவில் நின்றுபோன ஜீப்

அன்புள்ள மகன்,

வெள்ளம் வடிந்த பிறகு நீ எடுக்கும் ஒவ்வொரு அழைப்பிலும் அப்பாவோடு மட்டும்தான் கதைக்கிறாய். நான் போனை எடுத்தால் "அப்பாட்டைக் குடுங்கோ" என்கிறாய். நானும் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறேன். அப்பாவுக்குக் காது மந்தமானதால் லவுட் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார் என்பது உனக்குத் தெரியாது போல. போன கிழமை நீ சொன்னது அடுப்படியில் நின்ற எனக்கு நல்லாகவே கேட்டது. "அம்மாதானே ஓட்டினவா. ரெண்டு பேரும் ஒண்டாத் தண்ணிக்குள்ள இறங்கேக்கை என்னை நினைச்சவாவோ எண்டு கேளுங்கோ." அப்பா உனக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. தை மாதம் உனக்குக் கலியாணம். அதற்கு முன் அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன். போனில் என்றால் நீ பாதியில் வைத்துவிடுவாய். எங்கள் ஜீப் வெள்ளத்துக்குள் நின்றுபோன அந்த வீடியோவைக் கனடாவில் நீயும் பார்த்தாய், லண்டனில் இருப்பவர்களும் பார்த்தார்கள், வவுனியாச் சந்தையில் மரக்கறி விற்கிறவரும் பார்த்தார். ஆகவே இந்தக் கடிதத்தையும் யாரும் வாசிக்கட்டும். எனக்கு வெட்கம் இல்லை.

முதலில் அந்த ஜீப் எப்படி வீட்டுக்கு வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் நீ அதை விற்கச் சொன்னாய், நாங்கள் கேட்கவில்லை. இங்கிலாந்தில் செய்த அந்தப் பழைய ஜீப், முன்னால் மூன்று பேர் இருக்கும் கூடும் பின்னால் லொறி மாதிரித் திறந்த பெட்டியுமாக, அப்பா கலியாணத்துக்கு முதலே வாங்கியது. நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும் என்பதால் மாரியில் பஸ் போகாத இடங்களுக்கு அவர்தான் ஆட்களையும் நெல்லையும் ஏற்றிப் போவார். பூநகரிப் பக்கம் சேற்றில் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறோம், அங்கேதான் எனக்கும் ஓட்டப் பழக்கினார். கியர்ப்பெட்டி பழுதென்று வவுனியாவில் பெரியப்பா வீட்டுக் கொட்டிலில் விட்டுவிட்டு, சாமான் வாங்கக் காசு எடுத்து வருகிறேன் என்று அவர் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். அந்தக் கிழமையே சண்டை தொடங்கி வவுனியாப் பாதையைப் பூட்டினார்கள். பிறகு நடந்தவை உனக்குத் தெரியும். சண்டை முடிந்து முகாமிலிருந்து வட்டக்கச்சிக்கு நாங்கள் திரும்பி வந்தபோது அப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கிளச்சை மிதிக்கக் கால் இல்லாதவனுக்கு ஜீப் எதற்கு என்று அவர் அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டார்.

பெரியப்பா போன வருடம் காலமானார். பெரியம்மா வளவை விற்கப் போகிறா என்றும், ஜீப்பை எடுக்காவிட்டால் பழைய இரும்புக்காரர் வெட்டிக்கொண்டு போவார் என்றும் சொல்லி அனுப்பினா. கொழும்பில் பழைய வாகனங்கள் சேர்க்கும் ஒருவர் ஆசையாகக் கேட்கிறார் என்று நீயும் சொன்னாய். "ரெண்டு பேரும் வயசு போன நேரத்திலை ஏன் இந்த வில்லங்கம்?" என்றாய். அப்பா ஓம் ஓம் என்றார். போனை வைத்துவிட்டு, லொறிக்காரரைப் பிடித்து ஜீப்பை ஏற்றி வந்து எங்கள் மாமரத்துக்குக் கீழே இறக்கிவிட்டார். எலி இருக்கைகளைத் தின்றிருந்தது. வயர்களையும் தின்றிருந்தது. டயர்கள் வெடித்து, பெற்றோல் தாங்கிக்குள் இருந்தது பசை மாதிரிக் காய்ந்து கிடந்தது. எஞ்சின் இறுகிப்போயிருந்தது. முன்னால் ஹாண்டிலைப் போட்டு நானும் பக்கத்து வீட்டு ரவியும் தொங்கினாலும் அசையவில்லை.

அதைத் திருத்திய மாதங்களைப் பற்றி நான் உனக்குச் சொன்னதில்லை. அப்பா கதிரையில் இருப்பார். நான் ஜீப்புக்குக் கீழே கிடப்பேன். பிளக்குகளைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து துளைகளுக்குள் ஊற்றி ஊறவிட்டோம். தினமும் காலையில் அவர் என்னை ஹாண்டிலைப் பிடிக்கச் சொல்லுவார், நான் முடியாது என்பேன், பிறகு பிடிப்பேன். ஒருநாள் அது மயிரிழை அசைந்தது. அப்பா எழுந்து போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார். அவர் எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தந்தது எங்கள் கலியாண வாழ்க்கையில் எத்தனையாவது தடவை என்று நான் நினைத்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. நாங்கள் சண்டை பிடிக்காத நாளும் இல்லை. "நீங்கள் சொல்லுறது ஒண்டு, கையாலை காட்டுறது ஒண்டு" என்று நான் கையிலிருந்த திருகுசாவியை எறிந்திருக்கிறேன். அவர் அதை ஊன்றுகோலால் இழுத்தெடுத்துத் துடைத்துத் திரும்பவும் என்னிடம் நீட்டுவார். உன் கலியாணத்துக்கு நான் தரக்கூடிய புத்தி இவ்வளவுதான் மகன்: எறிந்ததைத் திரும்ப எடுத்து நீட்டத் தெரிந்தவர்களோடு காலம் தள்ளலாம். நீ கட்டப்போகிற நிலானி அப்படியான பிள்ளை என்றுதான் எனக்குப் படுகிறது. நீ எப்படி என்று அவதான் சொல்லவேண்டும்.

முதன்முதலாக எஞ்சினைக் கிளப்பப் போன அன்று ஒரு விபத்துத் தப்பியது. அதையும் நாங்கள் உனக்குச் சொல்லவில்லை. வருடக்கணக்காகக் கிடந்ததில் கிளச் தகடு ஒட்டிப்போயிருந்தது. மிதித்தாலும் அது எஞ்சினைச் சில்லிலிருந்து பிரிக்காது என்பது எங்களுக்குத் தெரியாது. கியரில் கிடந்த ஜீப்பில் ஏறி, கிளச்சை முழுதாக மிதித்துக்கொண்டு நான் ஸ்டார்ட்டரை அடித்தேன். எஞ்சின் கிளம்பவில்லை, ஆனால் ஜீப் தானாகவே ஒரு துள்ளுத் துள்ளி முன்னால் போனது. அப்பா முன்னால்தான் நின்றார். கத்தினேன். அவர் பக்கத்தில் விழுந்து உருண்டார், சில்லு அவர் கட்டியிருந்த சாரத்தின் நுனி மேல் ஏறி, ஜீப் வேலியை இடித்துக்கொண்டு நின்றது. அவர் மண்ணில் இருந்தபடியே, "பாத்தியே, எஞ்சின் இல்லாமலே ஸ்டார்ட்டர் மட்டும் இழுக்குது. பற்றரி நல்லது" என்றார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. அதற்குப் பிறகு, பிரேக் முழுக்கச் சரிவராமல் இது வாசல் படலையைத் தாண்டாது என்று நான் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். கிளச்சைப் பிரித்தோம், எஞ்சினைக் கிளப்பினோம், மூன்று சில்லுக்குப் பிரேக் பிடித்தது. பின் இடது சில்லுக்கு மட்டும் கொழும்பிலிருந்து ஒரு ரப்பர் வரவேண்டி இருந்தது. அந்தக் குழாயை அடைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

அந்த நேரம்தான் மழை பிடித்தது. இப்படி ஒரு மழையை நான் இந்த மண்ணுக்கு வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. என் அப்பாவும் அம்மாவும் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். மலையில் மழை ஓடிவிடும், இங்கே மழை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அம்மா சொல்லுவா. குளம் நிரம்பி அதன் வான் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். வயலும் ரோட்டும் ஒன்றாகியது. ஊரிலிருந்த உழவு இயந்திரங்கள் எல்லாம் முதல் நாளே பள்ளத்துச் சனத்தை ஏற்றிக்கொண்டு, வெள்ளம் மேலால் பாயும்படி ரோட்டைத் தாழ்வாகக் கட்டிய தாம்போதிக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போயின. தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஏறியதும் அவை திரும்பி வரவில்லை. எங்கள் பக்கத்தில் மேட்டு நிலத்தில் இருந்த சில குடும்பங்கள் மட்டும் மிஞ்சினோம்.

அடுத்த நாள் மத்தியானம் ரவி நனைந்துகொண்டு ஓடி வந்தான். அவன் மனைவி மாலதிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமையில் இரண்டு தரம் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ரோட்டு மூடியதில் ஒரு தரம் தவறிவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். முகம் ஊதி, கண் சிறுத்து, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து இருந்தாள். மூச்சு விடும் சத்தம் வாசலுக்கே கேட்டது. அவர்களுடைய சின்ன மகள் தாயின் காலடியில் இருந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரவி போனை நீட்டினான். ஆஸ்பத்திரியிலிருந்து கதைத்தவர், அம்புலன்ஸ் தாம்போதியின் மற்றக் கரை வரை வரும், அதற்கு மேல் வராது என்றார். படகு கேட்டிருக்கிறதாம், எப்போது வரும் என்று தெரியாதாம். எவ்வளவு நேரம் தாங்குவா என்று கேட்டேன். "இண்டைக்கு வந்தால் நல்லது அம்மா" என்றார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா ஜீப்பின் முன் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ரவி ஓடியதை அவர் பார்த்திருக்கிறார். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் கறுப்பு மூடியைச் சுற்றிக் கிரீஸ் பூசி, பொலித்தீன் பையால் கட்டிக்கொண்டிருந்தார். விசிறி தண்ணீரை அள்ளி எஞ்சினில் அடிக்காமல் இருக்க அதன் பட்டியைக் கழற்றிவிட்டார். "பிரேக்?" என்றேன். "தண்ணிக்குள்ள பிரேக் தேவையில்லை" என்றார். அப்போதுதான் உன் அழைப்பு வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். "அம்மா, போகாதேங்கோ. அது ரோட்டிலையே ஓடாத வாகனம். ஆமி வரும், நேவி வரும்" என்றாய். நான், "பாப்பம் மகன்" என்றேன். அது பொய். நான் ஏற்கெனவே சாவியைக் கையில் வைத்திருந்தேன். நீ ஏதோ சொல்லத் தொடங்கியபோது சிக்னல் போய்விட்டது. நான் வைக்கவில்லை, உண்மையிலேயே போய்விட்டது.

அப்பா வருவதில் எனக்கு விருப்பம் இல்லை. நான் ஓட்டுகிறேன், நீங்கள் சின்னப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நில்லுங்கோ என்றேன். "நடுவிலை எஞ்சின் நிண்டால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டார். நான் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன். பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, நான் ஸ்டேரிங்கில், மாலதி நடுவில், அப்பா இடப்பக்கக் கதவோடு, ரவி பின்பெட்டியில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டு புறப்பட்டோம். இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த ஜீப் முதல் தடவை ரோட்டில் ஏறியது அப்படித்தான். தேங்காய் உடைக்கவில்லை, ஒன்றும் இல்லை.

தாம்போதியடிக்கு வந்ததும் நான் நிறுத்தினேன். இடப்பக்கமிருந்து வலப்பக்கம் தண்ணீர் கபில நிறத்தில் சுழித்துப் போனது. ஓரத்தில் நட்ட கல்லுகளின் தலைகள் மட்டும் தெரிந்தன. அந்தத் தலைகளுக்கு நடுவேதான் போகவேண்டும். மற்றக் கரையில் அம்புலன்ஸும், குடையும் தொப்பியுமாகச் சனமும் நின்றது. சிலர் வராதே என்று கையைக் காட்டினார்கள், சிலர் வா என்று காட்டினார்கள். மாலதி, "அன்ரி, திரும்புவம். நான் தாங்குவன்" என்றாள். அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு மூச்சுக் காணவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிவப்பு லீவரைப் பின்னால் இழுத்து நாலு சில்லையும் பிடிக்க வைத்துவிட்டு, "முதல் கியர். மாத்தாதை. நிப்பாட்டாதை. கல்லை மட்டும் பார்" என்றார். இறங்கினேன்.

தண்ணீர் முதலில் சில்லில் மோதும் சத்தம், பிறகு கதவில் மோதும் சத்தம், பிறகு காலடியில் குளிர். அப்பாவின் பக்கத்துக் கதவு இடுக்கால் உள்ளே பீறியது. ஜீப் மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்வது எனக்கு ஸ்டேரிங்கில் தெரிந்தது. நான் இடப்பக்கம் பிடித்துக்கொண்டே போனேன். பாதியைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்தபோது பின்னாலிருந்து ரவி, "மரம்! மரம்!" என்று கத்தினான். வேரோடு வந்த ஒரு கட்டை அப்பாவின் பக்கத்தில் மோதியது. தண்ணீர் எழும்பி முன் மூடிக்கு மேலால் அடித்தது. எஞ்சின் இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றுவிட்டது. நீ பார்த்த வீடியோ அந்த இடத்தில்தான் முடிகிறது.

எஞ்சின் நின்றால் வரும் அமைதி அங்கே இல்லை. தண்ணீரின் இரைச்சல் மட்டும். ஜீப்பின் பின்பக்கம் ஒரு தரம் தூக்கி வைத்தது. மாலதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கிளச்சை விடு" என்றார் அப்பா. "கியர் அப்பிடியே கிடக்கட்டும். ஸ்டார்ட்டரை அடி." எஞ்சின் கிளம்பாது என்றேன். "கிளம்பத் தேவையில்லை. வேலியை இடிச்சியே, அது மாதிரி." எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடித்தேன். ஜீப் முனகிக்கொண்டு ஒரு முழம் முன்னால் போனது. விட்டேன், திரும்ப அடித்தேன், இன்னும் ஒரு முழம். வயர் கருகும் மணம் வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த முனகல் இளைத்துக்கொண்டே போனது. கல்லுகள் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து தெரியத் தொடங்கின. கரை ஒரு வீட்டு முற்றத் தூரத்தில் இருக்கும்போது பற்றரி செத்துவிட்டது. ஆனால் அங்கே தண்ணீர் முழங்காலளவுதான். கரையில் நின்றவர்கள் கையோடு கை கோத்துக் கயிற்றைக் கொண்டுவந்து முன்னால் கட்டினார்கள். அதில் முதல் ஆளாக இறங்கியவன்தான் வீடியோ எடுத்தவன். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு ஓடிவந்ததால்தான் அது பாதியில் நின்றது. அன்று பின்னேரம் ஒரு சிநேகிதனுக்கு அனுப்பினானாம். பிறகு அது யார் யார் கையிலோ போய், உன்னிடம் வந்தது. அவன் பிறகு எங்களிடம் வந்து அழுதான். நான் அவனைக் கோபிக்கவில்லை. அவன் தொடர்ந்து படம் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் உனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எங்களுக்கு ஒரு கை குறைந்திருக்கும்.

மாலதியை அம்புலன்ஸ் கொண்டுபோனது. அன்றே இரத்தம் சுத்திகரித்தார்கள். இப்போது பழையபடி போய் வருகிறாள். நேற்று எங்கள் படலையில் நின்று மகளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். நோய் மாறவில்லை, ஆள் இருக்கிறாள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். என் போன் தண்ணீரில் செத்துப்போனது, அப்பாவுடையது வீட்டில். உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. பெரியம்மாவுடைய பழைய நம்பர் மட்டும்தான் ஞாபகம். அவவுக்கு லைன் கிடைத்து உனக்குச் செய்தி வந்தது அடுத்த நாள் மத்தியானம். அதற்கிடையில் நீ எப்படி இருந்தாய் என்று நிலானி எனக்குத் தனியாக எழுதினா. சாப்பிடவில்லை, படுக்கவில்லை, அந்தத் துண்டுப் படத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாயாம். ஒரு இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கி, கூட்டுக்குள் எத்தனை தலை தெரிகிறது என்று எண்ணினாயாம். அதை வாசித்த பிறகுதான் உன் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்தது.

கடைசி இடப்பெயர்வில் பங்கருக்குள் நீ என் மடியில் இருப்பாய். ஷெல் சத்தம் கிட்ட வரும்போதெல்லாம் நான் அப்பாவையும் உள்ளே இழுத்து, "போனால் எல்லாரும் ஒண்டாப் போவம்" என்று சொல்லுவேன். தண்ணீர் எடுக்கப் போனாலும் மூவரும்தான், கஞ்சிக்கு வரிசையில் நின்றாலும் மூவரும்தான். அது எனக்கு அப்போது பெரிய ஆறுதல். நீ அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாய். இப்போது நீ கடல் தாண்டி இருந்து பார்த்தபோது, நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக ஒரு கூட்டுக்குள் இருந்தோம், நீ மட்டும் வெளியே. உன்னை விட்டுவிட்டுப் போகப் பார்த்தோம் என்றுதானே உனக்குப் பட்டது.

நீ கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன். அந்தத் தண்ணீருக்குள் நான் உன்னை நினைக்கவில்லை மகன். கல்லை நினைத்தேன், மாலதியின் மூச்சை நினைத்தேன். பெற்ற தாய் இப்படிச் சொல்லலாமா என்று யாரும் கேட்கலாம். ஆனால் நினைத்திருந்தால் நான் பாதியில் திரும்பியிருப்பேன். முந்தின வெள்ளங்களிலும் தாம்போதி நடுவில் வண்டியைத் திருப்பப் பார்த்தவர்கள்தான் கவிழ்ந்தார்கள்.

மேலே ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். எஞ்சின் நின்றதற்கும் அப்பா ஸ்டார்ட்டரை அடிக்கச் சொன்னதற்கும் இடையில் கொஞ்ச நேரம் இருந்தது. அதில் அவர் குனிந்து தன் பொய்க்காலின் வாரை அவிழ்த்தார். தான் இறங்கப்போவதில்லை என்பது போலக் காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னிடம், "ஜீப் சரிஞ்சால் நீ என்னைப் பிடிக்க வராதை. மாலதிப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு உன்ர கதவாலை இறங்கி ரவியைப் பிடி. நான் ஜீப்போடை நிக்கிறன்" என்றார். விசர்க்கதை கதைக்காதேங்கோ என்றேன். அவர் விடவில்லை. "மகனுக்கு ஒராளாவது இருக்கவேணும். ஓம் எண்டு சொல்லு. சொன்னால்தான் அடுத்து என்ன செய்யிறதெண்டு சொல்லுவன்." மாலதி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓம் என்றேன்.

இதை அவர் உனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. ஒன்றாகப் போவோம் என்று ஒரு காலத்தில் அவரை இழுத்து வைத்தவள் நான். இந்தத் தடவை அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. உன்னை நினைத்தவர் ஒருவர் அந்த ஜீப்பில் இருந்தார். நான் ஓம் என்று சொன்னது மனதாரவா என்று கேட்டால் எனக்கே தெரியாது. வாய் சொன்னது, கை ஸ்டார்ட்டரை விடவில்லை. அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நான் அப்படி அடித்தேன்.

நிலானி உன்னிடம் இப்படியொரு ஓம் கேட்கும் நாள் வரவே வேண்டாம். வந்தால், ஓம் என்று சொல்லிவிடு மகன். சொல்லிவிட்டு, அதைச் செய்யாமல் கரையேற என்ன வழி என்று பார்.

அம்மா
வட்டக்கச்சி